ஸ்டேஜுக்கு ஒரு ஆள்

வடசென்னைக் கல்மண்டபத்தில் கான்ட்ராவைத் தனியாக முடித்தவன் கிடையாது. முடித்தேன் என்று ஒருவன் சொன்னால் அவன் புளுகுகிறான், இல்லாவிட்டால் வேறு ஏரியாக்காரன். எங்கள் சந்தில் அந்த ஆட்டத்தை எட்டாவது ஸ்டேஜ் வரை கொண்டுபோக நாலைந்து பேர் வேண்டும். முதல் ஸ்டேஜை யாரும் ஆடலாம். இரண்டாவது வந்ததும் ஜாய்ஸ்டிக் கை மாறும். மூன்றாவதில் இன்னொருவன் வந்து உட்காருவான். ஐந்தாவது வரும் நேரத்தில் அதற்குரிய பையன் அங்கே இல்லையென்றால் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு, வீட்டுக்கே ஓடிப்போய் அவனைக் கூட்டி வருவோம். அவன் அம்மா கேட்டால் "டியூஷன்ல கூப்பிடுறாங்க ஆன்ட்டி" என்போம். அதுவரைக்கும் கடைக்காரருக்கு மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும், காசு எங்களுடையது.

இதை எங்கள் நட்பின் பெருமையாகச் சொல்ல வரவில்லை. ஆட்டத்தின் கட்டுமானமே அப்படி.

கொனாமி என்ற ஜப்பானியக் கம்பெனி 1987இல் கான்ட்ராவைக் காசு போட்டு ஆடும் ஆர்கேட் மெஷினாக இறக்கியது. மறு வருஷமே நின்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டிக்கான கேசட்டாகவும் வந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். பில் ரைசர், லான்ஸ் பீன் என்று அவர்களுக்குப் பெயர் உண்டென்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். எங்களுக்கு ஒருவன் நீலப் பேன்ட், இன்னொருவன் சிவப்புப் பேன்ட். இருவருக்கும் மேலே சட்டை கிடையாது. ஏப்ரல் மாதக் கல்மண்டபத்தில் அது ஒன்றும் விசேஷமில்லை. ஒரு குண்டு பட்டால் ஒரு லைஃப் போச்சு. மொத்தமே மூணு லைஃப். செத்தால் அதுவரை வைத்திருந்த நல்ல துப்பாக்கியும் கையை விட்டுப் போய்விடும்.

முதல் ஸ்டேஜ் காடு. இடமிருந்து வலமாக ஓட வேண்டும், குதிக்க வேண்டும், சுட வேண்டும். தண்ணீரில் இறங்கிக் கீழ்ப் பட்டனை அழுத்தினால் முழுகிக்கொள்வான், குண்டு படாது. ஒரு பாலம் வரும். காலை வைத்ததும் வெடித்துக்கொண்டே போகும். இதுவரை மாரியோ ஆடியவனுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. இரண்டாவது ஸ்டேஜில் எல்லாமே தலைகீழ். திரை பக்கவாட்டில் நகர்வதில்லை. நம் ஆளின் முதுகுதான் தெரியும். எதிரே நீண்டு போகும் ஓர் இரும்பு வராண்டா, கடைசியில் சுவர், சுவரில் மின்னும் குமிழ்கள். அவற்றைச் சுட்டு உடைத்தால்தான் அடுத்த அறைக்கு வழி. அவசரப்பட்டு முன்னே ஓடினால் கரண்ட் வேலியில் ஷாக் அடித்து உதறும். மூன்றாவது அருவி: வலப்பக்கமெல்லாம் மறந்துவிட்டு, பாறை பாறையாகத் தாவி மேலே ஏற வேண்டும். நான்காவது மறுபடி அந்த இரும்பு வராண்டா, இந்த முறை இன்னும் நீளமாக. ஐந்தாவது பனிக்காடு, ஆறாவது விட்டு விட்டுத் தீ கக்கும் குழாய்கள், ஏழாவது கொக்கிகள் தொங்கும் கிடங்கு, எட்டாவது ஏதோ பிராணியின் வயிற்றுக்குள் போவது மாதிரி ஓர் அருவருப்பு. ஓட்டம், முதுகுப் பார்வை, ஏற்றம், மறுபடி முதுகுப் பார்வை, பிறகு ஓட்டம். ஒரே கேசட்டுக்குள் குறைந்தது மூன்று விதமான ஆட்டம்.

அரை மணி நேரத்துக்கு மூணு ரூபாய் கொடுத்து ஆடுகிறவனுக்கு இதன் அருமை தெரியும். வேறு கேசட் போட்டால் அரை மணியும் ஒரே வேலைதான் செய்ய வேண்டும். கான்ட்ராவில் அதே மூணு ரூபாய்க்கு மூணு கடைக்குப் போய் வந்த திருப்தி. தமிழ் சினிமாவில் ஒரு டிக்கெட்டுக்கு ஃபைட், பாட்டு, காமெடி, அம்மா சென்டிமென்ட் எல்லாம் வேண்டும் என்று கேட்கிற ஊர் இது. எங்களுக்கு அந்த ஆட்டம் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

கடை என்று சொன்னாலும் அது ஒரு வீட்டின் முன்னறைதான். கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் பின்னால், இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று இறங்கித்தான் ஆக வேண்டும் என்கிற அளவுக்கு ஒரு சந்து. வாசலில் பழைய புடவைத் திரை. உள்ளே ஒரு டயனோரா, ஒரு சாலிடேர். இரண்டும் நம்ம ஊர்க் கம்பெனி டிவி. டிவிக்கு முன்னால் பாய். சுவரோரமாக ஒரு பெஞ்சு, காத்திருப்பவர்களுக்கு. கடைக்கார அண்ணன் உள் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் ஆள் பெயரும் நேரமும் எழுதுவார். அவர் இல்லாத நேரத்தில் அண்ணி. அண்ணி இருந்தால் ஐந்து நிமிஷம் கூடக் கிடைக்கும், ஆனால் கெட்ட வார்த்தை பேசினால் உடனே ஸ்விட்ச்சை அணைத்துவிடுவார். மார்க்கெட்டின் மீன் வாடை திரையைத் தாண்டி உள்ளே வரும். அதோடு டிவியின் பின்பக்கத்திலிருந்து சூடேறிய தூசி வாசனையும் சேர்ந்துகொள்ளும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் ஐஸ் வண்டி சந்து முனையைக் கடக்கும்போது மட்டும் அறைக்குள் ஒரு குளிர் வந்து போன மாதிரி இருக்கும். அது பிரமையாகக்கூட இருக்கலாம்.

நின்டெண்டோ தன் பெட்டியை எங்கள் பக்கம் நேராகக் கொண்டுவந்து விற்கவில்லை. வந்தவற்றில் பெரும்பாலானவை அதன் நகல்கள். சாமுராய், மீடியா என்று பெயர் ஒட்டியவை வசதியான வீடுகளில் இருந்தன. எங்கள் அண்ணனுடையது பெயரே இல்லாத பெட்டி, பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது. பீச் ஸ்டேஷனுக்கு எதிரே 1969இல் பர்மா அகதிகளுக்காக ஏற்பட்ட அந்தக் கடைவரிசைதான் எங்களுக்கு ஜப்பான், ஹாங்காங், எல்லாமே. பெட்டியிலிருந்து வரும் ஒயரை டிவியின் ஆன்டெனா ஓட்டையில் செருகி, சேனல் குமிழைத் திருகித் திருகி, கோடும் புள்ளியுமாக இரைந்துகொண்டிருக்கும் திரையில் படம் தெளிகிற இடத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. கேசட் சரியாகப் பேசாவிட்டால் வாயால் ஊதுவோம். ஊதினால் எச்சில் பட்டு கேசட்டின் உலோகப் பல் கறுத்துத்தான் போகும் என்று இன்று தெரிகிறது. அன்று ஊதியபின் வேலை செய்ததே, அதற்கு என்ன சொல்ல.

கேசட்டின் மேல் லட்சக்கணக்கில் ஆட்டம் இருப்பதாக எண் போட்டிருக்கும். 9999999 இன் 1 என்று ஒன்று. அதன் பட்டியல் திரையில் கடலும் கடற்பறவைகளும் வரும், பின்னால் ஓர் ஆங்கிலக் காதல் பாட்டின் மெட்டு பீப் பீப் என்று ஓடும். உள்ளே இருப்பது ஏழெட்டு ஆட்டம்தான், அதையே திருப்பித் திருப்பிப் பட்டியல் போட்டிருப்பான். எங்களிடமிருந்த ஒரு கேசட்டில் கான்ட்ராவே பல எண்களில் வந்தது. ஒன்றில் முதல் ஸ்டேஜிலிருந்து, ஒன்றில் நேராக அருவியிலிருந்து, ஒன்றில் கையிலேயே குண்டு விசிறும் எஸ் துப்பாக்கியோடு. இந்த ஏமாற்று வேலையால் எங்களுக்கு ஒரு நன்மை நடந்தது: வேண்டிய ஸ்டேஜை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்பப் பழக முடிந்தது. ஸ்டேஜ் ஆட்கள் உருவானது அப்படித்தான்.

இரண்டுக்கும் நான்குக்கும் ஆள், ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தவரின் மகன். சாதாரண ஓட்டத்தில் அவன் உதவாக்கரை, காட்டில் பாலம் தாண்டுவதற்குள் செத்துவிடுவான். ஆனால் அந்த இரும்பு வராண்டாவில் அவனுக்கு நிகர் இல்லை. எதிரி சுடும் முன்பே படுத்துக்கொள்வான், குண்டு தலைக்கு மேல் போனதும் எழுந்து இரண்டு குமிழை உடைப்பான், மறுபடி படுப்பான். முகத்தில் ஓர் அவசரம் இருக்காது. அவன் பொறுமைக்கு அந்த ஸ்டேஜ், அந்த ஸ்டேஜுக்கு அவன். கருவாட்டுக் கடைப் பையனோ ஓட்டத்துக்கென்றே பிறந்தவன். பனிக்காட்டில் தலைக்கு மேல் வரும் குண்டுகளுக்கு நடுவே நிற்காமல் ஓடுவான். அவனை வராண்டாவில் உட்காரவைத்தால் நாலு தடவை கரண்ட் வேலியில் மோதிவிட்டு ஜாய்ஸ்டிக்கைத் தூக்கிப் போடுவான். ஏழாவது ஸ்டேஜ் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். எனக்கு அருவி. ஏன் அருவி வந்தது என்றால், அது ஒன்றில்தான் மேலே போகிறவன் பேச்சைக் கீழே இருப்பவன் கேட்டாக வேண்டும்.

அருவி ஸ்டேஜை இரண்டு பேர் ஆடிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். முன்னே ஏறுகிறவன் திரையையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறான். கீழே தங்கிவிட்டவன் திரையின் விளிம்பைத் தாண்டினால் அவ்வளவுதான், விழுந்து செத்ததாகக் கணக்கு. எதிரி சுட வேண்டியதே இல்லை. எங்கள் சந்தில் நடந்த பாதிச் சண்டை இந்த ஸ்டேஜில் தொடங்கியது. "ஏய், ஏறாதடா, இர்ரா, நானு வந்துக்கினு கீறேன்!" என்று கத்துவான். அதற்குள் மேலே இருப்பவன் அனிச்சையாக ஒரு தாவு தாவிவிடுவான். இரண்டு வாரம் பேசாமல் இருந்தவர்கள் உண்டு. பேசாமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த ஸ்டேஜை ஆடிவிட்டுப் போனவர்களும் உண்டு. முகத்தைப் பார்க்கவில்லை என்பதற்காக ஆட்டத்தை நிறுத்த முடியுமா?

தடைக்காலத்தில் கடைக்கு வேறு முகம் வந்துவிடும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்ற விதி 2001இல் இங்கே நடைமுறைக்கு வந்தது. அப்போது 45 நாள், 2017இலிருந்து 61 நாள். காசிமேட்டில் போட் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். எங்களுக்கும் அதே சமயத்தில் முழுப் பரீட்சை லீவு. போட்டுக்குப் போகும் அண்ணன்கள் வலை பின்னியது போக மிச்ச நேரத்தில் கேம் கடைக்கு வருவார்கள். ஒருவரை நன்றாக நினைவிருக்கிறது. உப்பும் கயிறும் தின்ற கை. விரல் நுனியெல்லாம் தடித்து வெடித்திருக்கும். அந்தக் கைக்குள் எங்கள் ஜாய்ஸ்டிக் தீப்பெட்டி அளவில்தான் தெரியும். பட்டனை அழுத்த மாட்டார், குத்துவார். டர்போ பட்டன் என்று ஒன்று இருக்கிறது, விரலை வைத்திருந்தால் போதும் என்று சொன்னால், "அது இன்னா தம்பி, சும்மா புட்ச்சிக்கினு இருக்கிறது?" என்பார். அருவியில் அவரோடு ஆட எவனும் வர மாட்டான், யாருக்காகவும் நிற்காமல் ஏறிக்கொண்டே போவார். ஆனால் அவர் வந்தால் ஒரு மணி நேரக் காசு மொத்தமும் அவருடையது. அந்த ஒரு காரணத்துக்காக நானே பலமுறை கீழே கிடந்து செத்திருக்கிறேன்.

முப்பது லைஃப் மந்திரம் எங்கள் சந்துக்கு எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. புத்தகமில்லை, இன்டர்நெட் இல்லை. தண்டையார்பேட்டையில் யாரோ சொல்லி, சித்தி மகன் கேட்டு, லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தான் என்பது ஒரு கட்சி. மேல மேல, கீழ கீழ, லெஃப்ட் ரைட் லெஃப்ட் ரைட், பி, ஏ, ஸ்டார்ட். இரண்டு பேர் ஆடுவதானால் ஸ்டார்ட்டுக்கு முன் ஒரு செலக்ட். வாய்ப்பாடு வராதவனுக்கும் இது வரும். இதைக் கண்டுபிடித்தவர் கசுஹிசா ஹஷிமோட்டோ என்ற கொனாமி நிரலர். 1986இல் கிரேடியஸ் என்ற விண்கல ஆட்டத்தை ஃபேமிகாமுக்கு மாற்றும்போது, தன் ஆட்டத்தைத் தன்னாலேயே ஆடி முடிக்க முடியாமல், சோதனைக்காக இந்தக் குறுக்கு வழியை உள்ளே வைத்தார். எடுக்காமலே கேசட் வெளியே போய்விட்டது. அதே வரிசை பிறகு கான்ட்ராவுக்குள்ளும் வந்தது. அவர் 2020 பிப்ரவரியில் காலமானார். செய்தியைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவும் கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. கோபம் ஏனென்றால், அந்த மந்திரம்தான் எங்கள் ஏற்பாட்டுக்கு வந்த முதல் ஆபத்து. முப்பது லைஃப் இருந்தால் ஸ்டேஜ் ஆள் எதற்கு? எவனும் செத்துச் செத்தே ஆறாவது வரை போய்விடலாம். கருவாட்டுக் கடைப் பையனும் ஐஸ் ஃபேக்டரிக்காரர் மகனும் சேர்ந்து பெஞ்சில் பஞ்சாயத்து வைத்தார்கள். முப்பது போட்டு முடித்தால் கணக்கில் வராது என்று முடிவானது. "முப்பது போட்டவன்" என்பது கொஞ்ச நாள் எங்கள் பக்கம் கெட்ட வார்த்தையாகவே இருந்தது. அண்ணி முன்னால் சொல்லக்கூடிய ஒரே கெட்ட வார்த்தை.

அந்தக் கேசட்டுக்குள் இத்தனை விதம் எப்படி அடங்கியது என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டபோது மரியாதை கூடியது. அமெரிக்காவில் விற்ற பதிப்பின் மொத்த அளவே 128 கிலோபைட். இன்று ஒரு குட்மார்னிங் படம்கூட அதைவிடப் பெரியது. பெட்டிக்குள் இருந்த நினைவகம் 2 கிலோபைட்தான். அந்த 128ஐயும் பெட்டியால் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது, ஒரு சமயத்தில் 32தான் கண்ணுக்குத் தெரியும். அதனால் கேசட்டை 16 கிலோபைட் அளவில் எட்டுத் துண்டாக்கி, எப்போதும் வேண்டிய ஒரு துண்டை அசையாமல் வைத்துவிட்டு, மற்ற ஏழையும் தேவைக்கேற்ப மாற்றி மாற்றி எதிரே நிறுத்தினார்கள். பக்கவாட்டில் திரையை நகர்த்த அந்தப் பெட்டிக்குத் தெரியும், மேலே நகர்த்தவும் தெரியும். உள்ளே போகத் தெரியாது. வராண்டா ஸ்டேஜில் நாம் உள்ளே நடந்து போவதாக நம்பியதெல்லாம் சுருங்கிப்போகும் கோடுகளால் வரைந்த படம். சுவர் உடைந்ததும் நாலைந்து படத்தைச் சட்சட்டென்று மாற்றிக் காட்டி நம்மை ஓர் அறை தள்ளிக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள்.

இன்னொன்று. இரண்டு பேரும் எஸ் துப்பாக்கி எடுத்துவிட்டால், ஒரு தடவை சுட்டாலே ஐந்து ஐந்தாகக் குண்டு விசிறிப் பரவும், திரையில் பாதி ஆட்கள் மினுக்மினுக்கென்று மறைந்து தெரிவார்கள். சாலிடேருக்குக் கண் போய்விட்டது என்று அண்ணனிடம் சொன்னோம், அவர் மெக்கானிக்கைக் கூட்டிவந்து காசு செலவழித்தார். டிவியில் ஒரு குறையும் இல்லை. ஒரே கிடைக்கோட்டில் எட்டு உருவத்துக்கு மேல் அந்தப் பெட்டியால் வரைய முடியாது. ஒன்பதாவது வந்தால் யாரையாவது மறைத்துத்தான் ஆக வேண்டும். முறை வைத்து மறைத்தால் மினுங்கல்.

ஜப்பானில் விற்ற பதிப்பு வேறு என்றும் அப்புறம்தான் தெரிந்தது. அதில் கூடுதலாக ஒரு சில்லு வைத்திருந்தார்கள். முதல் ஸ்டேஜில் தென்னை ஓலை போன்ற மரங்கள் அசையும், ஐந்தாவதில் உண்மையாகவே பனி விழும். ஸ்டேஜுக்கு நடுவே வரைபடமும் கதையும் வரும். எங்களுக்கு வந்ததில் மரம் ஆடவில்லை, பனி தரையில் கிடந்ததே தவிர விழவில்லை. இப்போது அந்தப் பதிப்பை ஆடிப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு குண்டு வாங்கினேன். கருவாட்டுக் கடைப் பையன் அருகில் இருந்திருந்தால் மண்டையில் ஒரு குட்டு விழுந்திருக்கும்.

ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் ஆட்டத்தையே மாற்றும் வித்தையை இதைவிடத் தூரம் கொண்டுபோனவர்களும் உண்டு. கொனாமியிலிருந்து வெளியேறிய சிலர் ட்ரெஷர் என்ற கம்பெனியைத் தொடங்கி 1993இல் செகாவின் மெகா டிரைவ் பெட்டிக்கு கன்ஸ்டார் ஹீரோஸ் செய்தார்கள். சுரங்க வண்டி, விண்வெளிச் சண்டை, தாயம் உருட்டிப் போகும் ஒரு ஸ்டேஜ்கூட அதில் இருக்கிறது. அந்த மெகா டிரைவ் இந்தியாவுக்கு முறையாகவே வந்தது. 1995 வாக்கில் ஷா வாலஸ், ஆமாம், அதே மதுபானக் கம்பெனி, 18,000 ரூபாய்க்கு விற்றது. அந்தப் பணத்துக்குக் கல்மண்டபத்தில் அன்று ஒரு குடும்பம் எத்தனை மாதம் ஓட்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வேலைக்குப் போனபின் கம்ப்யூட்டரில் அதை ஆடினேன். எல்லா வகையிலும் கான்ட்ராவைவிடச் சிறந்தது என்றே சொல்வேன். இரண்டாவது ஸ்டேஜ் முடிந்ததும் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நானே ஆடினேன். அதற்குமேல் சுவாரசியப்படவில்லை.

அண்ணன் கடை சுனாமிக்கு முன்பே இளைத்துவிட்டது. எங்கள் பக்கம் எதையும் சுனாமிக்கு முன், பின் என்றுதான் கணக்கு வைப்போம். முதலில் ஒரு டிவி போய் அந்த இடத்தில் விசிடி வாடகை அலமாரி வந்தது. பிறகு நாலு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர். பிறகு ரீசார்ஜ். இப்போது அந்த முன்னறையில் யாரோ பிரியாணி போடுகிறார்கள், கூட்டம் நன்றாக இருக்கிறது. அண்ணனும் அண்ணியும் மணலி பக்கம் போய்விட்டார்கள். அந்த நோட்டுகளை அவர் எடைக்குப் போட்டிருப்பார். எனக்கு அது ஒன்றுதான் பொறுக்கவில்லை: எங்கள் எல்லோர் பெயரும், எந்தக் கிழமை எத்தனை மணிக்கு ஆடினோம் என்பதும் வரிவரியாக அதில் இருந்தன.

கேரம் மட்டும் தப்பித்துவிட்டது என்பதை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. அதே சந்துகளில், எங்கள் கேம் கடைக்கு நாலு வாசல் தள்ளி, அதே மாதிரி பெஞ்சு போட்டு, அதே மாதிரி காத்திருந்து ஆடினார்கள். இன்றும் வடசென்னையில் மாலையானால் மஞ்சள் விளக்குக்குக் கீழே பலகையைச் சுற்றி ஆள் நிற்கிறது. புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிவந்தார். கேரம் பலகைக்கு பவுடரும் விளக்கும் போதும். எங்கள் ஆட்டத்துக்கு டியூப் டிவி வேண்டும், அடாப்டர் வேண்டும், பெட்டி வேண்டும், கேசட் வேண்டும். ஒவ்வொன்றாகச் செத்தன. கரண்ட் போனால் ஆட்டமே முதலிலிருந்து. அதில் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. ஆறாவது ஸ்டேஜில் கரண்ட் போன ஒரு சாயங்காலம், எண்ணூர் அனல் மின் நிலையத்தை எங்கள் சந்தே திட்டியது. அந்த நிலையத்தையும் 2017இல் மூடிவிட்டார்கள்.

என் மகனுக்குத் துணை கிடைக்காமல் இல்லை. ஃபோனில் நாலு பேர் அணி சேர்ந்து ஆடுகிறான், காதில் மாட்டிக்கொண்டு கத்துகிறான், அவர்களில் ஒருவன் பாட்னாவில் இருக்கிறானாம். நன்றாகத்தான் ஆடுகிறார்கள். ஆனால் நாலு பேர் கையிலும் நாலு ஃபோன். ஒருவன் ஆடுவதை மற்றவன் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. பார்த்தால்தானே, இவனுக்கு இது வரும், அவனுக்கு அது வராது என்பது தெரியும்? நாங்கள் ஆடிய நேரத்தைவிடப் பார்த்த நேரம் அதிகம். பார்ப்பதற்கு அண்ணன் காசு வாங்கவில்லை.

போன தீபாவளிக்குக் கல்மண்டபம் போயிருந்தேன். மெட்ரோவில் தியாகராயா கல்லூரி ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் முன்பு போல பஸ்ஸில் இடிபட வேண்டியதில்லை. ஐஸ் ஃபேக்டரிக்காரர் மகன் இப்போது ஏசி மெக்கானிக். அவன் வீட்டில் கருவாட்டுக் கடைப் பையனும் இருந்தான். கடை இப்போது அவன் பெயரில் ஓடுகிறது, பையன் என்று கூப்பிட முடியாத அளவுக்குத் தொப்பை. பர்மா பஜாரில் நானூறு ஆட்டம் அடங்கிய கையடக்கப் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தான். டிவியில் செருகினோம். காடு, வராண்டா, அருவி என்று ஆளுக்கு ஆள் கை மாறியது. அருவியில் நான் அவனைக் கீழே விட்டுவிட்டு ஏறினேன், பழையபடி திட்டு வாங்கினேன். வராண்டாவில் ஏசி மெக்கானிக் ஒரு லைஃபைக்கூட விடவில்லை. பனி, தீ எல்லாம் தாண்டி ஏழாவது வந்தது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கூரையிலிருந்து கொக்கிகள் இறங்குகின்றன, தரையிலிருந்து முள் சுவர் எழும்புகிறது, தண்டவாளத்தில் வண்டி வருகிறது. இதில் எது எப்போது வரும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷமும் அந்த நேரத்தில் நாங்கள் பெஞ்சில்தானே இருந்தோம்?

ஏழாவது ஸ்டேஜ்காரன் இப்போது டிரெய்லர் ஓட்டுகிறான். ஸ்டார்ட்டை அழுத்தி நிறுத்திவிட்டு அவனுக்கு வீடியோ கால் போட்டோம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில், ஹார்பருக்குள் போகும் கன்டெய்னர் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கக்கூட இல்லை.

"எஸ் கன் வச்சிகிறியா?"

"வச்சிகிறேன்."

"அத்த வுட்றாத. மொதோ கொக்கி குட்டை, ரெண்டாவது நெட்டை. ஒண்ணு மேல போவ சொல்லோ ஓடு, நின்னு பாக்காத. முள்ளு செவுத்த தள்ளி நின்னுகினே சுட்டு ஒடச்சிட்டுப் போ, தாண்ட நினைக்காத. வண்டி வந்தா குதி. கடைசி கேட்டு கிட்ட போயிட்டு எனக்குப் போன் பண்ணு."

"உனக்கு வண்டி எடுக்கணுமே?"

"காலைல இருந்து ஒரே எடத்துலதான் நிக்கிறேன். நீங்க எட்டாவது முடிச்சாலும் இந்த லைன் நகராது, ஆடுங்க."